ஒன்றும் வேண்டாம் என்கிற சம்பந்தி

சம்பந்திகளில் இரண்டு ரகம் உண்டு. முதல் ரகம் பெண் பார்க்க வரும்போதே சட்டைப் பையில் பட்டியலோடு வரும்: இத்தனை சவரன், இன்ன கம்பெனி ஸ்கூட்டர், மண்டபத்தில் ஏசி. இரண்டாவது ரகம் கேசரியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்" என்று கைகூப்பும். விவரம் தெரிந்தவர்கள் இரண்டாவது ரகத்தைக் கண்டுதான் அதிகம் நடுங்குவார்கள். பட்டியல் என்றால் பேரம் பேசலாம், கடைசி வரிக்குக் கீழே கோடு போடலாம். 'ஒன்றும் வேண்டாம்' என்பதற்குக் கீழே எங்கே கோடு போடுவது? இங்கிலாந்தில் பத்து வயதுப் பெண்ணும் கொஞ்சம் வசதியும் நிறைய ஆசையும் உள்ள பெற்றோர் வீட்டில் இந்த இரண்டு சம்பந்திகளும் ஒரே சமயத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். பட்டியலோடு வருவது தனியார் பெண்கள் பள்ளி. ஒன்றும் வேண்டாம் என்பது, நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கும் அரசு கிராமர் பள்ளி.

பெயரை வைத்து எதையும் முடிவு செய்துவிடக் கூடாது. பொதுஜனம் லேசில் நுழைய முடியாத பழைய கட்டணப் பள்ளிகளுக்குத்தான் அந்த நாட்டில் 'பப்ளிக் ஸ்கூல்' என்று பெயர். கிராமர் பள்ளியிலும் மற்றப் பள்ளிகளைவிட இலக்கணம் கூடுதலாக வழிவதில்லை. முன்பு வழிந்தது, அதுவும் லத்தீன், கிரேக்க இலக்கணம். வியாபாரம் பெருகிய லீட்ஸ் நகரத்துக் கிராமர் பள்ளியில் பிரெஞ்சும் ஜெர்மனும் சொல்லிக்கொடுக்கலாமா என்ற வழக்கு 1805-இல் நீதிபதி எல்டன் பிரபுவிடம் வந்தது. கிராமர் பள்ளி என்றால் பழைய மொழிகளின் இலக்கணத்தைக் கற்பிக்கும் இடம், மற்றதற்கு அறக்கட்டளைப் பணம் கிடையாது என்பது அவர் கருத்து. ஊர் கணக்குப்பிள்ளைகளைக் கேட்டது, சட்டம் வேற்றுமை உருபுகளைக் கொடுத்தது. பிறகு 1944 கல்விச் சட்டம் இந்தப் பள்ளிகளைக் கட்டணமில்லாதவையாக்கி, பதினொரு வயதில் ஒரு தேர்வு எழுதியவர்களில் மேல் தட்டுக்குத் திறந்துவிட்டது. அதுதான் 'லெவன் பிளஸ்'. 1965-இல் தொழிற்கட்சி அரசு, எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் பள்ளிகளாக இவற்றை மாற்றச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. பல ஊர்கள் மாற்றின, சில ஊர்கள் கேட்காதது மாதிரி இருந்துவிட்டன. அப்படி இருந்துவிட்ட பள்ளிகள் இன்று 163. புதிதாக ஒன்று தொடங்க 1998-ஆம் ஆண்டுச் சட்டம் விடாது. அருகிப்போன உயிரினத்துக்குத்தானே மவுசு.

இரண்டு சம்பந்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்க்க பர்மிங்காமைவிட நல்ல ஊர் இல்லை. எட்ஜ்பாஸ்டனில் ஆறாம் எட்வர்டு அரசர் பெண்கள் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது, அது கட்டணப் பள்ளி. அங்கிருந்து சில மைல் தள்ளி, கிங்ஸ் ஹீத்தில் ஆறாம் எட்வர்டு அரசர் கேம்ப் ஹில் பெண்கள் பள்ளி, அது அரசு கிராமர். இரண்டும் பெண்களுக்கே. இரண்டும் 1883-இல் பிறந்தவை. 1552-இல் அந்த அரசர் தந்த சாசனத்திலிருந்து வளர்ந்த ஒரே அறக்கட்டளைக் குடும்பத்துப் பிள்ளைகள். இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு உண்டு, இரண்டின் தேர்ச்சிப் பட்டியலும் கண்ணைப் பறிக்கும். அரசரோ ஒன்பது வயதில் முடிசூடி, இன்றைய கணக்கில் பதினாறு வயதில் வரும் ஜி.சி.எஸ்.இ. தேர்வை எழுதும் முன்பே, பதினைந்தாம் வயதில் போய்ச் சேர்ந்தவர். ஒரே குடும்பம், ஒரே பெயர், ஒரே வயது. அப்படியிருக்க ஒன்றுக்குப் பணம், ஒன்றுக்கு இலவசம் என்றால், வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் கேட்கத் தோன்றும்.

என் கட்சி இதுதான்: இரண்டுக்கும் பணம் உண்டு, வாங்கும் நேரம்தான் வேறு. தனியார் பள்ளி பதினொரு வயதுக்குப் பிறகு, பருவத்துக்கு ஒரு பில்லாக வாங்குகிறது. 2025 ஜனவரியில் அந்த பில்லில் 20 விழுக்காடு 'வாட்' வரியும் ஏறி உட்கார்ந்தது. அந்த ஆண்டில் விடுதியில் தங்காமல் படிக்கவே சராசரியாக ஆண்டுக்கு 22,000 பவுண்டு அளவில் ஆனது. ஏழு ஆண்டுக்குப் பெருக்கினால் ஒன்றரை லட்சம் பவுண்டைத் தாண்டும், அதையும் வருமான வரி போக மிஞ்சிய சம்பளத்தில்தான் கட்ட வேண்டும். கிராமர் பள்ளி பதினொரு வயதுக்கு முன்பே வாங்கிவிடுகிறது, ஆனால் தன் கையால் வாங்குவதில்லை. டியூஷன் ஆசிரியர் வாங்குகிறார், மாதிரித் தேர்வு நடத்துபவர் வாங்குகிறார், பள்ளியின் எல்லைக்குள் வீடு விற்கும் தரகர் வாங்குகிறார், இரண்டு வருடத்துச் சனிக்கிழமைகளைக் காலம் வாங்கிக்கொள்கிறது. பள்ளி மட்டும் கைகூப்பியபடியே நிற்கிறது.

தேர்வில் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்தால் இது புரியும். ஆங்கிலமும் கணக்கும் சரி. கூடவே 'சொல்சார்ந்த தர்க்கம்', 'சொல்சாராத தர்க்கம்' என்று இரண்டு. பின்னதில் ஒரு முக்கோணம் தலைகீழாகத் திரும்பும், அதன் வயிற்றில் இருந்த புள்ளி இடம் மாறும், ஐந்து படங்களில் ஒட்டாத ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். பதினொரு வயதுக்குப் பிறகு இந்தத் திறமை ஐக்கியா அலமாரியைப் பொருத்தும்போது மட்டுமே மறுபடி பயன்படும். தேசியப் பாடத்திட்டத்தில் இது ஒரு பாடமே இல்லை. அதற்கு மேல் கென்ட் மாவட்டத்தில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் இந்தத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யக் கூடாது என்பது நடைமுறை. ஆக, அரசு தன் பள்ளியில் சொல்லித்தராத ஒன்றை, சொல்லித்தரவும் விடாத ஒன்றை, தன்னுடைய இன்னொரு பள்ளிக்கு நுழைவுச்சீட்டாக வைத்திருக்கிறது. அந்த இடைவெளியில் டியூஷன் முளைக்காவிட்டால்தான் அதிசயம். டியூஷனால் வெல்ல முடியாத தேர்வு என்று சொல்லிக்கொண்டு ஒரு சமயம் ஒரு புது மாதிரி வந்தது. உடனே கடைகளில் அந்தத் தேர்வுக்கென்றே பயிற்சிப் புத்தகங்கள் வந்தன.

இலவசம் என்றால் ஏழைகள் அல்லவா முதலில் உள்ளே இருக்க வேண்டும்? கல்வியில் சம வாய்ப்புக்காக ஆய்வு செய்யும் சட்டன் டிரஸ்ட் 2013-இல் எண்ணிப் பார்த்தது. கிராமர் பள்ளிகளில் சேர்ந்தவர்களில் அரசின் இலவச மதிய உணவுக்குத் தகுதியான ஏழைப் பிள்ளைகள் 3 விழுக்காட்டுக்கும் குறைவு. அரசுப் பள்ளிகளுக்கு வெளியிலிருந்து, பெரும்பாலும் கட்டணத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள் ஏறக்குறைய 13 விழுக்காடு. இலவசச் சாப்பாட்டுப் பந்தியில் காரில் வந்தவர்கள் நான்கு பேருக்கு, நடந்து வந்தவர் ஒருவர் என்ற கணக்கு. சரி, உள்ளே போனவர்களைப் பள்ளி அப்படியே உருமாற்றிவிடுகிறதா என்றால், 2018-இல் டரம் பல்கலைக்கழகத்து ஸ்டீபன் கொரார்டும் நாடியா சித்திக்கியும் அதையும் அலசினார்கள். பிள்ளைகளின் முந்தைய மதிப்பெண்ணையும் குடும்ப வசதியையும் கழித்துப் பார்த்தால் கிராமர் பள்ளியின் தேர்ச்சிக்கும் மற்றப் பள்ளிகளின் தேர்ச்சிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று கண்டார்கள். நல்ல அரிசியாகப் பொறுக்கி எடுத்துப் பொங்கிவிட்டுப் பானையைப் புகழ்கிற கதை. தனியார் பள்ளியின் பானையும் அதே மண்தான்.

"அரசு கிராமர் நேர்மையானது, தனியார் பள்ளி பணக்காரத் திமிர்" என்று பேசுகிறவர்கள் பெண்களின் கதையைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். பழைய கிராமர் பள்ளி அறக்கட்டளைகள் பெரும்பாலும் பையன்களுக்கு எழுதிவைக்கப்பட்டவை. அரசு அமைத்த டான்டன் ஆணையம் 1860-களில் நாடு முழுக்கத் தேடியபோது பெண்களுக்கென அறக்கட்டளையுள்ள உயர்நிலைப் பள்ளிகள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தன. அதனால்தான் பிரான்சிஸ் மேரி பஸ் 1850-இலேயே லண்டனில் கட்டணம் வாங்கிப் பள்ளி நடத்தத் தொடங்கினார். 1872-இல் பெண்கள் பள்ளிகளை வரிசையாகத் திறக்க ஒரு கம்பெனியே பிறந்தது. தனியார் பெண்கள் பள்ளி திமிரில் பிறந்ததல்ல, பொதுப் பணம் அண்ணன் தம்பிகளுக்கே போனதில் பிறந்தது. அந்தப் பழக்கம் லேசில் போகவும் இல்லை. பர்மிங்காமில் 1980-கள் வரை கிராமர் இடங்கள் பையன்களுக்கு மூன்று என்றால் பெண்களுக்கு இரண்டு என்ற அளவில்தான் இருந்தன. அதனால் பையனைவிடக் கூடுதல் மதிப்பெண் எடுத்த பெண்ணும் வெளியே நின்றாள். இது பாகுபாடு என்று 1989-இல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் நகராட்சிக்கு உறைத்தது. இன்னொன்றும் உண்டு. இன்றைய கட்டணப் பெண்கள் பள்ளிகளில் பல, 1970-களின் நடுப்பகுதி வரை 'நேரடி மானியப் பள்ளிகள்'. அரசுப் பணத்தில் நிறையப் பிள்ளைகளை இலவசமாகப் படிக்கவைத்தவை. மானியம் நின்றது, பில் வந்தது. அதே கட்டடம், அதே டீச்சர், அதே லத்தீன்.

எதிர்க்கட்சி சும்மா இருக்காது. தனியார் பள்ளியில் வகுப்புக்குப் பிள்ளைகள் குறைவு, டீச்சருக்குப் பெண்ணின் பெயர் தெரியும் என்பார்கள். உண்மைதான். ஆனால் எந்தச் செலவுக்கு என்ன பலன் என்று ஆராய்ச்சிகளைத் திரட்டிச் சொல்லும் 'எஜுகேஷன் எண்டோமென்ட் பவுண்டேஷன்', வகுப்பைச் சிறிதாக்குவதை மிக அதிகச் செலவு, குறைந்த பலன் என்ற கட்டத்தில்தான் போட்டிருக்கிறது. பெண்கள் மட்டும் படித்தால்தான் இயற்பியல் பக்கம் துணிந்து போவார்கள் என்பார்கள். இதில் சத்து இருக்கிறது. 2011-இல் இருபாலரும் படிக்கும் அரசுப் பள்ளிகளில் ஏறக்குறைய பாதி, பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவலில் இயற்பியலுக்கு ஒரு பெண்ணைக்கூட அனுப்பவில்லை என்றும், பெண்கள் பள்ளியில் படித்தவர்கள் அந்தப் பாடத்தை எடுப்பது ஏறக்குறைய இரண்டரை மடங்கு என்றும் இயற்பியல் கழகம் அடுத்த ஆண்டு எழுதியது. ஆனால் கேம்ப் ஹில்லிலும் பெண்கள் மட்டும்தானே படிக்கிறார்கள்? அந்த நன்மைக்கு பில் தேவையில்லை. பிறகு, குரலைத் தாழ்த்தி, "தொடர்புகள்" என்பார்கள். மூத்த நீதிபதிகளில் 65 விழுக்காட்டினர் கட்டணப் பள்ளியில் படித்தவர்கள் என்று 2019-இல் ஓர் அறிக்கை சொன்னது, நாட்டில் அப்படிப் படித்தவர்களோ 7 விழுக்காடுதான். மிரளவைக்கும் எண். ஆனால் அந்த நீதிபதிகளில் பெரும்பாலோர் ஆண்கள், அரை நூற்றாண்டுக்கு முன் பள்ளிக்குப் போனவர்கள். அவர்களைக் காட்டி இன்றைய பதினொரு வயதுப் பெண்ணுக்குக் கட்டணம் கட்டுவது, தாத்தா காலத்துப் பஞ்சாங்கத்தைப் பார்த்து இந்த வருடம் முகூர்த்தம் குறிப்பது போலத்தான்.

கிராமர் பள்ளிகள் இப்போது மாறிவிட்டனவே என்பது நியாயமான ஆட்சேபம். பர்மிங்காமின் எட்வர்டு கிராமர் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கென ஒரு பங்கு இடங்களைக் குறைந்த தகுதி மதிப்பெண்ணில் ஒதுக்குகின்றன. பாராட்ட வேண்டியதுதான். அதே ஊரில் கட்டணப் பள்ளியும் வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைக்கிறது. ஆக, வீட்டு வருமானம் உண்மையிலேயே குறைவு என்றால் இரண்டு சம்பந்தியிடமும் துணிந்து கேட்கலாம். வசதி நிறைய என்றால் கேட்கவே வேண்டாம். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள்தான் இரவு பன்னிரண்டு மணிக்கு எக்செல் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவர்களுக்கு நான் சொல்வது: இரண்டு இடமும் கைக்கு வந்துவிட்டால் கிராமரை எடுங்கள். அதன் விலையை ஏற்கெனவே கொடுத்தாயிற்று, அதே பொருளுக்கு மறுபடி ஒன்றரை லட்சம் எதற்கு? தினம் இரண்டு பஸ் மாறிப் போய் வர வேண்டும் என்றால் மட்டும் மறுபரிசீலனை செய்யலாம். தூங்கி வழிகிற பெண்ணுக்கு எந்த அரசர் பெயர் வைத்த பள்ளியும் உதவாது. ஆனால் டியூஷனே இன்னும் தொடங்காத வீட்டில், தேர்வு என்றாலே வயிறு கலங்கும் பெண் இருந்தால், அவளுடைய ஒன்பதாம் வயதை முழுசாக அடகுவைத்து 'இலவசம்' வாங்குவது நஷ்ட வியாபாரம். அங்கே பட்டியல் போடும் சம்பந்தியே மேல். இரண்டும் வேண்டாம், தெருமுனைப் பள்ளியே போதும் என்கிறவர்களும் உண்டு. கொரார்டின் கணக்குப்படி அவர்கள் ஒன்றும் ஏமாளிகள் அல்ல. இரண்டு சம்பந்தி வீட்டாரும் அவர்களைத் திருமணமே ஆகாதவர்களைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

மார்ச் முதல் தேதி அரசுப் பள்ளி இடங்கள் அறிவிக்கப்படும். தனியார் பள்ளி இடத்துக்கு முன்பணம் கட்டும் கெடுவும் பெரும்பாலும் அதை ஒட்டியே வரும். கட்டிய பின் மனம் மாறினால் முன்பணம் போகும், ரொம்பத் தாமதமாக மாறினால் ஒரு பருவக் கட்டணமும் சேர்ந்து போகும். அந்த வாரத்தில் யாரிடமாவது யோசனை கேட்டே ஆக வேண்டும் என்றால் ஆறாம் எட்வர்டிடம் கேட்கலாம். தன் பெயரில் ஊர் ஊராகப் பள்ளி நடக்க வழிவிட்ட அந்த மனிதர் எந்தப் பள்ளியிலும் கால் வைத்துப் படித்ததில்லை. கேம்பிரிட்ஜ் கிரேக்கப் பேராசிரியர் ஜான் சீக் அரண்மனைக்கே வந்து சொல்லிக்கொடுத்தார். முழுக்க முழுக்க டியூஷன்.