சல்லிசாகக் கிடைத்த வித்வான்

எடிசன், நியூ ஜெர்சி
ஆடி மாதம்

அன்புள்ள மாமாவுக்கு,

மாப்பிள்ளை எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் பெண்ணும் பேரனும் சுகம். அங்கே நீங்கள், அத்தை, கொல்லையில் கட்டியிருக்கும் செவலைப் பசு எல்லாரும் சுகம்தானே? குடமுருட்டியில் தண்ணீர் வந்துவிட்டது என்று தம்பி படம் அனுப்பினான். படத்தில் தண்ணீரைவிட அவன் முகம்தான் பெரிதாக இருந்தது.

வாட்ஸப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். இதோடு வரும் பொட்டலத்தைப் பிரிப்பதற்குமுன் சில சங்கதிகள் உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். குரல் செய்தியில் சொன்னால் பாதியில் நிறுத்திவிட்டு ‘சரி சரி’ என்று கட்டைவிரல் அனுப்பிவிடுவீர்கள்.

மாசியில் நீங்கள் அனுப்பிய செய்தியை இன்னும் வைத்திருக்கிறேன். “ஏன் மாப்ள, அமெரிக்காவுல பாட்டெல்லாம் கொள்ள சல்லிசாமே? வாத்தியார் மவன் சொன்னான். ராஜரத்தினம் பிள்ளை தோடி, காருகுறிச்சி நாயனம், இன்னும் பழசா என்ன கெடக்குதோ எல்லாத்தையும் ஒரு பென்டிரைவ்ல எறக்கி அனுப்புங்க.” கல்யாணத்துக்கு முன்னால் ‘டேய்’ என்று கூப்பிட்ட வாய், இப்போது ‘அனுப்புங்க’ என்கிறதே என்ற சந்தோஷத்தில் நானும் சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

நீங்கள் கேட்டதும் சரியான ஊரில்தான் கேட்டீர்கள். 1877இல் தாமஸ் ஆல்வா எடிசன் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்த மென்லோ பார்க் இந்த ஊரின் ஒரு பகுதி. அவர் பேரையே 1954இல் ஊருக்கும் வைத்துவிட்டார்கள். திருக்காட்டுப்பள்ளி சுற்றுவட்டாரத்தில் காதுகுத்தென்றும் கல்யாணமென்றும் நீங்கள் தென்னைமரத்தில் கூம்பு ஸ்பீக்கர் கட்டிப் பிழைத்தீர்களே, அந்தத் தொழிலுக்கு இதுதான் மூலஸ்தானம். எடிசன் நினைவுக் கோபுரத்துக்குப் போய்ச் சவுண்ட் சர்வீஸ் சார்பாக ஒரு கும்பிடும் போட்டேன். பக்கத்தில் நாயோடு நடந்துகொண்டிருந்த அம்மாள் நாயைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

சல்லிசு என்கிறீர்களே, அந்தச் சல்லிசில் நான் முதலில் மாட்டியது 1998இல், வந்த புதுசில். ஒரு சென்ட்டுக்கு எட்டு சிடி என்று பத்திரிகையில் விளம்பரம். சிடி மன்றம் ஒன்றில் சேர வேண்டும். நம் கணக்கில் அன்றைக்கு அரை ரூபாய்க்கும் குறைவு. ஆடித் தள்ளுபடியில் உருண்டு புரண்டு வளர்ந்த நமக்கு இதைவிட என்ன வேண்டும்? சேர்ந்தேன். எட்டும் வந்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தபால் கூலி. அதோடு, இன்னும் ஆறு சிடி முழு விலைக்கு வாங்கியாக வேண்டும் என்று எறும்புக்குஞ்சு எழுத்தில் ஒரு நிபந்தனை. இதெல்லாம்கூடப் போகட்டும். மாசாமாசம் ஒரு அட்டை வரும். ‘இந்த மாசச் சிடி வேண்டாம்’ என்று எழுதித் திருப்பி அனுப்பாவிட்டால், வேண்டும் என்று அர்த்தமாம். கல்யாணப் பந்தியில் இலையை மூடாதவனுக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டே போவதுபோல அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். குதிரைக்காரத் தொப்பி போட்ட பாடகர் ஒருவரின் சிடி மட்டும் என்னிடம் நாலு சேர்ந்துவிட்டது. நாலையும் உங்கள் பெண் தோட்டத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். தக்காளிக்குக் குருவி வருவதில்லை.

அப்புறம் 2003இல் ஆப்பிள் கம்பெனி ஐட்யூன்ஸ் கடையைத் திறந்து, பாட்டு ஒன்று 99 சென்ட் என்றது. எனக்கு உடனே நம் பஸ் ஸ்டாண்டு ரெக்கார்டிங் கடைதான் ஞாபகத்துக்கு வந்தது. பன்னிரண்டு பாட்டை நோட்டுத் தாளில் எழுதி, டி.டி.கே. 60 கேசட்டோடு கொடுத்தால் வெள்ளிக்கிழமை வாங்கிக்கொள்ளலாம். பி பக்கம் கடைசியில் நாலு நிமிஷம் மிச்சமிருந்தால் கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு ஒரு பாட்டைப் போட்டு நிரப்புவார். பெரும்பாலும் அந்த ஒரு பாட்டுதான் பிரமாதமாக இருக்கும். 99 சென்ட்காரனிடம் அந்தக் கொசுறு கிடையாது.

இப்போது வாங்குகிற பேச்சே போய்விட்டது. மாசம் ஒரு தொகை கட்டினால் உலகத்துப் பாட்டெல்லாம் உன்னுடையது என்கிறார்கள். உன்னுடையதாவது! இது குத்தகை, மாமா. பணம் கட்டுகிற வரைக்கும் உழலாம், அறுக்கலாம். ஒரு மாசம் கட்டாவிட்டால் வரப்பில்கூடக் கால் வைக்க முடியாது. கட்டிக்கொண்டிருக்கும்போதே, நேற்று இருந்த பாட்டு இன்று காணாமல் போவதும் உண்டு. கேட்டால் கம்பெனிகளுக்குள் ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம். பேரனுக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. சொந்த நிலம் வைத்திருந்தவன் பேரன் குத்தகையில் இவ்வளவு குஷியாக இருப்பதை இங்கேதான் பார்க்கிறேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், குத்தகை அலுத்துப்போன பையன்கள் திரும்பிப் போய் எதை வாங்குகிறார்கள் தெரியுமா? பிளேட்டு! நீங்கள் வேட்டி நுனியால் துடைத்துத் துடைத்துப் போட்ட அதே எல்.பி. 2022இல் அமெரிக்காவில் 4.1 கோடி எல்.பி. விற்றிருக்கிறது, சிடி 3.3 கோடிதான். 1987க்குப் பிறகு எண்ணிக்கையில் எல்.பி. முதன்முதலாக முந்தியது அந்த வருஷம்தான். ஆகவே சிடியைச் சீந்துவார் இல்லை, எல்.பி. விலை தென்னைமரம் ஏறிவிட்டது. ஜனங்கள் எந்தப் பெட்டியிலிருந்து இறங்குகிறார்களோ அந்தப் பெட்டியில்தான் நமக்கு உட்கார இடம் கிடைக்கும். அது தெரிந்ததும் நான் சிடி பெட்டியில் ஏறிவிட்டேன். கடைகளில் ஒரு டாலர், நூலகத்தில் பழசைக் கழிக்கும் நாளில் பை நிறைய அஞ்சு டாலர்.

ஆனால் நீங்கள் கேட்டது பிளேட்டுக் காலத்துச் சரக்காயிற்றே. அதனால் பழைய எல்.பி. விற்கும் ஆசாமிகளோடும் பழக வேண்டி வந்தது. இவர்கள் தரம் பிரிக்கிற விதத்தை நீங்கள் கேட்க வேண்டும். ‘மின்ட்’ என்றால் புத்தம் புதுசு. ‘வெரி குட்’ என்றால் கீறல் விழுந்து கரகரக்கும். ‘குட்’ என்றால் உருப்படாது என்று பொருள்! நம் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்றால் நெல்லைத் திருப்பி அனுப்புவார்கள். கோபம் வரும், ஆனால் சொன்னது புரியும். இங்கே ஒருவர் ‘வெரி குட்’ என்று எழுதி விற்ற பிளேட்டைப் போட்டால் பாட்டுக்குப் பின்னால் அத்தை கடுகு தாளிக்கிறார்கள்.

இனிமேல் கண்ணால் பார்த்துத்தான் வாங்குவது என்று பிரின்ஸ்டனுக்குக் கிளம்பினேன். 1980லிருந்து அங்கே பிரின்ஸ்டன் ரெக்கார்ட் எக்ஸ்சேஞ்ச் என்று ஒரு கடை இருக்கிறது. எடிசனில் ரயிலேறிப் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் இறங்கினால், ஊருக்குள் போக ‘டிங்கி’ என்று ஒரு குட்டி ரயில். மூணு மைலுக்கும் குறைவு, அஞ்சு நிமிஷம். பூதலூரில் ரயிலை விட்டு இறங்கி, டவுன் பஸ் வருமா வராதா என்று புளியமரத்தடியில் நின்ற ஜென்மம் நான். இத்தனூண்டு தூரத்துக்கு ஒரு ரயிலா என்று வயிறெரிந்துகொண்டே போனேன்.

கடையில் நல்ல சரக்கு கண்மட்டத்தில். மலிவுச் சரக்கு தரையோடு தரையாகப் பெட்டியில். மண்டி போட்டால்தான் சல்லிசு. ஒரு கை பிளேட்டுகளைத் தாங்க, மறு கைக் கட்டைவிரல் ஒவ்வொன்றாகத் தள்ளத் தள்ள, சீட்டுக்கட்டு கலைக்கிற மாதிரி ஒரு சத்தம். கடை முழுக்க அது ஒன்றுதான் சத்தம். பக்கத்தில் வெள்ளைத்தாடிப் பெரியவர் ஒருவரும் மண்டி போட்டிருந்தார். திருவையாற்று ஆராதனைப் பந்தலில் முன்வரிசைக்கு நகர்கிறவர்கள்போல இருவரும் ஆளுக்கொரு பக்கமாக அரை அடி அரை அடியாக நகர்ந்தோம்.

முக்கால் மணி நேரம். கிறிஸ்துமஸ் பாட்டு, அக்கார்டியன், உடற்பயிற்சி, மறுபடி கிறிஸ்துமஸ். அதற்கு நடுவில் ஒரு அட்டை: ‘வித்வான்’. ராம்நாட் கிருஷ்ணன்!

மாமா, நம்புங்கள், எனக்குக் கை நடுங்கியது. நான்ஸச் கம்பெனி வெளியீடு. அந்தக் கம்பெனியே சல்லிசுக்காகப் பிறந்ததுதான். 1964இல் ஜாக் ஹோல்ஸ்மன் என்பவர், ஒரு பேப்பர்பேக் புத்தகத்தின் விலைக்கு நல்ல இசைத்தட்டு கொடுப்பேன் என்று ஆரம்பித்தார். பின்னால் உலகத்துச் சங்கீதத்தையெல்லாம் ‘எக்ஸ்ப்ளோரர்’ என்று ஒரு வரிசையாகப் போட்டார்கள். ராம்நாட் கிருஷ்ணன் கனெக்டிகட்டில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பாட்டு வாத்தியாராக இருந்தபோது பதிவானது இது. மிருதங்கம் டி.ரங்கநாதன், பாலசரஸ்வதியின் தம்பி, வீணை தனம்மாள் பேரன். நம் தஞ்சாவூர்ச் சொத்து, பிரின்ஸ்டனில் தரையில் கிடக்கிறது. விலை 2 டாலர்.

வெள்ளைத்தாடி எட்டிப் பார்த்து, “யோகாவுக்கா?” என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். இல்லை என்று ஆரம்பித்தால் தியாகராஜரிலிருந்து சொல்ல வேண்டும். எனக்கோ டிங்கியைப் பிடிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நம்மிடம் பிளேயர் இல்லை என்பது உறைத்தது. தெருமுனை வீட்டில் பழைய சாமான் விற்றபோது 15 டாலருக்கு ஒன்று பிடித்தேன். பெல்ட் அறுந்திருந்தது. பெல்ட் 18. ஊசி மொக்கை. ஊசி 30. ஸ்பீக்கருக்கு ஒயர் 9. உங்கள் பெண் காய்கறிச் சீட்டின் பின்பக்கத்தில் கூட்டிப் பார்த்து, “ரெண்டு டாலர் பாட்டு எழுபத்தி நாலு டாலர். இதுக்கு அப்பாவே தேவலாம், ஆம்ப்ளிஃபயர் வாங்கினாலும் வாடகைக்கு விட்டாரு” என்றாள். இது உங்களுக்குப் புகழ்ச்சியா எனக்கு வசவா என்று தெரியவில்லை. பொதுவாக எடுத்துக்கொள்வோம்.

இனி நீங்கள் கேட்ட தோடி. இங்கேதான் என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, அது வெளிவந்த மறுவருஷம் தொடங்கி 60 வருஷம்தான் காப்புரிமை. ராஜரத்தினம் பிள்ளை காலமானது 1956. அவர் இருந்த நாளில் வந்த பிளேட்டெல்லாம் அங்கே எப்போதோ பொதுச் சொத்தாகிவிட்டது. அமெரிக்காவிலோ, 1923க்கு முந்தின பிளேட்டுகளுக்கே 2022 ஜனவரி 1ஆம் தேதிதான் விடுதலை கிடைத்தது. ஆகவே திருக்காட்டுப்பள்ளித் திண்ணையில் உட்கார்ந்தபடி காலணா செலவில்லாமல் எடுத்துக்கொள்ள உரிமையுள்ள மனுஷர், எடிசனில் இருப்பவனிடம் ‘சல்லிசா இறக்கி அனுப்புங்க’ என்கிறார்! குடமுருட்டிக் கரையில் இருந்துகொண்டு மெட்ராஸ்காரனிடம் தண்ணீர் லாரி கேட்கிற கதை. தம்பியை உட்காரவைத்துத் தோடியை அங்கேயே இறக்கிக்கொள்ளுங்கள்.

கொஞ்சும் சலங்கையில் எஸ்.ஜானகி காருகுறிச்சி நாயனத்தோடு போட்டி போடுகிறாரே, நீங்கள் மாப்பிள்ளை அழைப்புக்குத் தவறாமல் போடுவது, அது வேறு கேஸ். படம் 1962. பிளேட்டுக்கு 60 வருஷம் முடிந்தது. ஆனால் எழுதிய கு.மா.பாலசுப்பிரமணியம் மறைந்தது 1994. வரிகளுக்கு 2054 வரை உரிமை இருக்கிறது. நிலம் புறம்போக்கு, மேலே நிற்கிற தென்னை பட்டாதாரருடையது. ஆகவே அதையும், அந்த மாதிரி இன்னும் நாற்பது சினிமாப் பாட்டையும் காசு கொடுத்தே வாங்கிப் பென்டிரைவில் போட்டிருக்கிறேன். இலவசம் என்று ஊரெல்லாம் காப்பி எடுத்துக் கொடுக்காதீர்கள். முக்கியமாக வாத்தியார் மகனுக்கு.

பொட்டலத்தில் பென்டிரைவும் ‘வித்வான்’ எல்.பி.யும் இருக்கின்றன. திருச்சிக்கு வரும் நண்பர் துணிக்கு நடுவில் வைத்துக் கொண்டுவருகிறார். பிளேட்டைப் படுக்க வைக்காதீர்கள், நிறுத்தி வையுங்கள். வெயில் படக் கூடாது. வட்டமாகவும் வழவழப்பாகவும் இருக்கிறது என்று அத்தை அதன்மேல் வடகம் பிழிந்துவிடப் போகிறார்கள், கவனம். உங்கள் பரண்மேல் இருக்கும் பழைய பிளேயருக்கு ஊசி வேண்டுமானால் அளவு சொல்லுங்கள். 30 டாலர் என்று உங்கள் பெண்ணிடம் சொல்ல வேண்டாம்.

ஒன்று எழுதவா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன். கேசட் வந்த பிறகு நீங்கள் ரெண்டு டிரங்குப் பெட்டி பிளேட்டைப் பழைய சாமான் வண்டியில் போட்டீர்களே, மூட்டையைத் தெருவரைக்கும் தூக்கிக்கொண்டு போனவன் நான்தான். அதில் 1986இல் வந்த இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ எல்.பி. ஒன்று இருந்தது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் என்று போட்டிருக்கும், ஞாபகம் இருக்கிறதா? போன வாரம் இங்கே ஒருவர் அதை விற்பனைக்குப் போட்டிருந்தார். விலையைச் சொன்னால் அத்தை உங்களை நாலு நாள் திண்ணையில்தான் படுக்க வைப்பார்கள். அதனால் சொல்லவில்லை.

அன்றைக்கு வண்டிக்காரர் ரெண்டு பெட்டிக்கும் ஈடாக ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குடம் கொடுத்தார். பேரம் பேசி மூடியும் வாங்கினீர்கள். அந்தக் குடம் இன்னும் கிணற்றடியில் இருக்கிறதா? இருந்தால் அதில் தண்ணீர் பிடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை