விளம்பர மென்பொருள் வளர்ப்போருக்குச் சில யோசனைகள்

வீட்டுக் கணினியில் விளம்பர மென்பொருளைக் குடியேற்றப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். இலவசமாக ஏதோ ஒன்று உடனே வேண்டும் என்ற அவசரம் இருந்தால் போதும். பிடிஎஃப்பை வேர்டாக மாற்ற, யூடியூப் பாட்டை இறக்க, பெண்ணுக்கு ஜாதகப் பொருத்தம் பார்க்க... தேடினால் ஒரு பக்கம் திறக்கும். அதில் நாலைந்து ‘டவுன்லோட்’ பொத்தான்கள் இருக்கும். நிஜமானது ஒரு மூலையில் சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் கிடக்கும். அதைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பச்சையாக, அம்புக்குறியோடு துடித்துக்கொண்டிருப்பதை அழுத்துங்கள்.

அடுத்து, நிறுவும் கட்டம். ‘எக்ஸ்பிரஸ்’, ‘கஸ்டம்’ என்று இரண்டு வழி காட்டுவார்கள். கஸ்டம் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். போனால், டூல்பாரைச் சேர், முகப்புப் பக்கத்தை மாற்று, தேடலை வேறு பக்கம் திருப்பு என்று முன்கூட்டியே டிக் அடித்து வைத்த பெட்டிகளெல்லாம் கண்ணில் படும். பட்டால் எடுக்கத் தோன்றும். எடுத்தால் ஒருவர் வயிற்றில் அடித்த பாவம்தான். உங்கள் கணினியில் அந்த உபரிச் சரக்கு ஏறினால்தான் இலவசமாகக் கொடுத்த புண்ணியவானுக்குக் கூலி. ஆகவே நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஐ அக்ரீ, ஃபினிஷ். நாளைக்குக் கேட்டால், சம்மதம் வாங்கித்தான் வந்தேன் என்று அது சொல்லும்; பொய்யுமில்லை.

இதெல்லாம் ஊர் பேர் தெரியாதவர்கள் செய்கிற காரியம் என்று ஏளனம் வேண்டாம். ஆரக்கிளின் ஜாவாவைப் பாதுகாப்புக்காகப் புதுப்பிக்கப் போனவர்களுக்குப் பல வருடம் ஆஸ்க் டூல்பாரும் கூடவே வந்தது. டிக்கை எடுக்க மறந்தால் போதும். அதிலும் ஒரு நேர்த்தி: அது உடனே ஏறாது, பத்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு ஏறும் என்பதை 2013-இல் ஒரு பத்திரிகையாளர் கண்டுபிடித்து எழுதினார். சந்தேகப்பட்டு உடனே நிறுவிய மென்பொருள்களின் பட்டியலைத் திறந்து பார்க்கிறவர், ஒன்றும் இல்லையென்று நிம்மதியாக மூடிவிட வேண்டும் அல்லவா!

நெக்ஸ்ட் அழுத்தக்கூடச் சோம்பல் படுகிறவர்களுக்கு லெனோவோ வழிகாட்டியிருக்கிறது. 2014-இல் விற்ற அதன் சில மடிக்கணினிகளில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் பெட்டியிலேயே வந்தது. வங்கிப் பக்கம் போன்ற பூட்டுப் போட்ட இணைப்புகளுக்குள்ளும் எட்டிப் பார்ப்பதற்காக, அது தானே ஒரு ரூட் சான்றிதழை நட்டு வைத்துக்கொண்டது. எல்லாக் கணினிகளிலும் அந்தச் சான்றிதழுக்கு ஒரே சாவி. 2015 பிப்ரவரியில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் சாவியின் கடவுச்சொல்லை உடைத்துப் பார்த்தார். ‘கொமோடியா’ என்று இருந்தது. அந்தத் தொழில்நுட்பத்தைச் செய்து கொடுத்த நிறுவனத்தின் பெயரே அதுதான். நம் வீட்டில் வைஃபைக்கு வீட்டுப் பெயரையே கடவுச்சொல்லாக வைப்பதைக் கேலி செய்யும் பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்லலாம்.

இத்தனைக்குப் பிறகும் விளம்பர மென்பொருளை விரட்டியே தீருவேன் என்கிற கல்நெஞ்சக்காரர்களுக்கு: செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து, நிறுவிய தேதிப்படி அடுக்குங்கள். ஜாதக மென்பொருள் வந்த அதே தேதியில், நீங்கள் அழைக்காத இரண்டு மூன்று பெயர்கள் நிற்கும். அன்இன்ஸ்டால் கொடுத்தால், இந்த இடம் ஒத்துவராது என்ற பிறகும் வாசலை விட்டு நகராத கல்யாணத் தரகர் மாதிரி, ஏன் போகச் சொல்கிறீர்கள், எதில் குறை என்று கேட்கும். ‘வைத்துக்கொள்’ பெரிதாகவும் ‘நீக்கு’ மங்கலாகவும் இருக்கும். மங்கலானதை அழுத்துங்கள்.

போய்விட்டது என்று காபி போடப் போகாதீர்கள். பிரவுசரின் எக்ஸ்டென்ஷன்களைப் பாருங்கள். டெஸ்க்டாப்பில் இருக்கும் குரோம் ஷார்ட்கட்டை வலது கிளிக் செய்து, ப்ராபர்ட்டீஸில் ‘டார்கெட்’ வரியைக் கடைசிவரை நகர்த்திப் படியுங்கள். குரோம் டாட் ஈஎக்ஸ்ஈ-க்குப் பிறகு ஏதோ ஒரு இணைய முகவரி வாலாகத் தொங்கினால் நறுக்கிவிடுங்கள். டாஸ்க் ஷெட்யூலரில், மணிக்கொருமுறை எழுந்து பழையதை மறுபடி நட்டுவிட்டுப் போகும் வேலை ஏதாவது பதிவாகியிருக்கலாம். குரோம் மெனுவின் அடியில் ‘உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது’ என்று இருந்தால், வீட்டில் யார் நிறுவனம் நடத்துகிறார்கள் என்று விசாரியுங்கள். மால்வேர்பைட்ஸின் ஆட்வ்கிளீனர் என்ற இலவசக் கருவி இதில் பெரும்பகுதியைப் பெருக்கித் தள்ளும். ஆனால் அதையும் தேடுபொறியில் தேடி முதல் விளம்பரத்தை அழுத்தினால், ஒன்று போய் நான்கு வரும். தயாரித்தவர்களின் தளத்திலிருந்தே எடுங்கள்.

கடைசியாக நோட்டிஃபிகேஷன். ‘நீங்கள் ரோபோ இல்லையென்றால் அலவ் அழுத்துங்கள்’ என்று ஏதோ ஒரு பக்கம் கேட்டிருக்கும். ரோபோ என்ற பழி எதற்கு என்று அப்பா அழுத்தியிருப்பார். அன்றிலிருந்து திரையின் வலது மூலையில் ஐந்து வைரஸ், உடனே புதுப்பி என்று சிவப்பாக மணியடித்துக்கொண்டே இருக்கும். இதற்கு எந்த மென்பொருளும் ஏறியிருக்க வேண்டியதில்லை, அந்த ஒரு அனுமதி போதும். குரோமின் சைட் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷனைத் திறந்து, அலவ் பட்டியலில் தெரியாத பெயர்களையெல்லாம் நீக்குங்கள். சத்தம் அடியோடு நின்றுவிடும்.

இரண்டு நாள் கழித்து அப்பா கூப்பிடுவார்: “ஏன்டா, வைரஸ் பத்தி இப்பல்லாம் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதே, சந்தா முடிஞ்சிடுச்சா?”