ஒட்டுப்போர்வையும் முடிவுறாமையும்: ஒரகடம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்தில் ஒட்டுப்போர்வைக்கு எதிரான முதல் ஆட்சேபம் வெயில். மே மாதம் 40 டிகிரியைத் தொடும் ஊரில், துண்டுத்துணிகளை ஒட்டி இரண்டடுக்காகத் தைத்து யார் போர்த்திக்கொள்வது? ஆய்வின் முதல் விதி இங்கேயே கிடைத்துவிடுகிறது: போர்வைக்குத் தேவை குறையக் குறைய, தைப்பவருக்கு ஆசை கூடும்.

களஆய்வு, என் பெரியம்மாவின் கட்டைப்பையில் நடந்தது. சுங்குவார்சத்திரத்துத் தையல்கடை வெட்டுத்துணி, சுடிதார் லைனிங், பட்டு ஜாக்கெட்டில் மிஞ்சிய விரலகலப் பிட், அண்ணனின் பழைய கம்பெனிச் சட்டையிலிருந்து அறுத்த சாம்பல்நிற பாக்கெட். அந்த பாக்கெட்டை வாய் திறந்திருக்கும்படியே போர்வையில் வைத்துத் தைத்திருக்கிறார். தைல டப்பா வைக்கவாம்.

அண்ணனுக்கு ஒரகடத்தில் வேலை. அங்கே பின்பற்றும் ஜப்பானிய 5எஸ் ஒழுங்குமுறையின் முதல் பாடம், வேண்டாததை விலக்கு என்பது. விலக்க வேண்டியதைக் குறிக்கும் சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டைப்பையில் கட்டித் தொங்கவிட்டார். பெரியம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல செவப்புடா, துணியா இருந்தா சேத்திருப்பேன்" என்றார். ஜப்பானிய நிர்வாகவியலில் இதற்குப் பதில் இல்லை.

இனி முடிவுறாமை. பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ஆலையில் 1998-இல் சான்ட்ரோ கார் வெளிவந்தது, 2014-இல் நின்றது, 2018-இல் திரும்பி வந்தது, 2022-இல் மறுபடி நின்றது. முதல் சான்ட்ரோ காலத்துப் போர்வை பெரியம்மாவிடம் இன்றும் 'பாதி முடிஞ்சிருக்கு'. காரணம் சோம்பல் அல்ல, செய்முறை. எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எது என்று பரப்பிப் பார்ப்பதில்தான் இன்பம் முழுவதும். அதன்பின் அடித்துணி கொடுத்து, முழுக்க ஓட்டுத்தையல் போட்டு, நாலு பக்கமும் ஓரம் மடித்தடிக்க வேண்டும். அது வெறும் முதுகுவலி.

ஒட்டுத்துணியை முடித்தவர்களும் உண்டு. புத்தர் மகத நாட்டு வயல்களைக் காட்டி, அந்த வரப்பு மாதிரி துண்டுகளை இணைத்துச் சீவரம் (துறவியாடை) தைக்க முடியுமா என்று ஆனந்தரைக் கேட்டதாக வினய பிடகம் சொல்கிறது. ஆனந்தர் தைத்தும் முடித்தார். துறவிக்கு முடிந்தது; மூன்று பீரோ வைத்திருப்பவருக்கு முடியவில்லை.

தீர்வு கர்நாடகத்தில் இருக்கிறது. உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி மக்களின் பெண்கள் 'கவந்தி' தைக்கிறார்கள். ஒட்டுவதும் ஓட்டுத்தையலும் ஒரே வேலை. ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவதால், மற்றவர்கள் கடைசிக்குத் தள்ளிப்போடும் ஓரம் அங்கே முதலிலேயே முடிந்துவிடுகிறது. நாலு மூலையிலும் மடித்த துணியால் 'பூலா' வைப்பார்கள். அது இல்லாத போர்வை அவர்கள் கணக்கில் அம்மணம். தொழிற்சாலை மொழியில் சொன்னால், இடையில் சரக்கு தேங்காத லைன்.

இதைப் பெரியம்மாவிடம் விளக்கினேன். ஆர்வமாகக் கேட்டார். மறுநாளே புதிதாக ஒரு கவந்தி தொடங்கி, ஓரத்தில் ஒரு சுற்று முடித்து, பழையவற்றோடு மடித்து வைத்திருக்கிறார்.