ஓடினாலும் கணக்கு, சுழன்றாலும் கணக்கு!

கே: பைக்கில் 40-ல் போவதற்கும் 80-ல் போவதற்கும் என்ன பெரிய வித்தியாசம்? இரண்டு மடங்குதானே?

ப: ஸ்பீடாமீட்டருக்கு இரண்டு மடங்கு, பிரேக்குக்கு நான்கு! நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் இயக்க ஆற்றல். ஆளும் வண்டியுமாக 200 கிலோ என்றால், 40 கி.மீ. வேகத்தில் சுமார் 12,300 ஜூல், 80-ல் 49,400. கி.மீ. கணக்கை 3.6-ஆல் வகுத்து, விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று மாற்றிய பிறகுதான் பெருக்க வேண்டும்.

கே: வேகத்தை வர்க்கப்படுத்தச் சொன்ன புண்ணியவான் யார்?

ப: லைப்னிட்ஸ். அவர் பக்கம் நின்று வாதாடிய புண்ணியவதி, பிரான்ஸின் எமிலி து ஷாத்லே; அவருடைய இயற்பியல் நூல் 1740-ல் வந்தது. முன்னால் நிற்கும் அந்த ‘அரை’ கொரியோலிஸ் 1829-ல் சேர்த்தது. சிலருக்கு அரை மார்க் போவது அவர் புண்ணியத்தில்தான்.

கே: ஃபேன் இருந்த இடத்திலேயே சுற்றுகிறது. அதற்கு ஏது இயக்க ஆற்றல்?

ப: ஃபேன் நகரவில்லை, இறக்கை நகர்கிறதே! ஸ்விட்சை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் சுற்றுகிறதே, அது எதை வைத்து? இங்கே நிறைக்குப் பதில் நிலைமத் திருப்புத்திறன், வேகத்துக்குப் பதில் கோண வேகம். பாதியும் வர்க்கமும் அப்படியே. நிமிடத்துக்கு 300 சுற்று என்றால், விநாடிக்கு 31.4 ரேடியன்.

கே: நிலைமத் திருப்புத்திறனா? பெயரே மிரட்டுகிறதே!

ப: பெயர்தான் நீளம். எடை எவ்வளவு என்பதோடு, அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்றும் விசாரிக்கும், அவ்வளவே. தள்ளியிருக்கும் தூரத்துக்கும் வர்க்கம் உண்டு. அதனால் ஒரே எடை, ஒரே ஆரம் என்றாலும், தட்டுக்கு இருப்பதைப்போல் வளையத்துக்கு இரண்டு மடங்கு.

கே: இரண்டையும் சரிவில் உருட்டிவிட்டால் எது ஜெயிக்கும்?

ப: தட்டு. வழுக்காமல் உருளும் வளையம், கிடைத்த ஆற்றலில் பாதியைச் சுழலவே செலவழித்துவிடும். தட்டு மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்ளும். எடையைக் கூட்டினாலும் குறைத்தாலும் முடிவு மாறாது.

கே: ஸ்பின் பந்தில் பேட்ஸ்மேன் திணறுவது சுழற்சியின் ஆற்றலாலா?

ப: 160 கிராம் பந்து 80 கி.மீ. வேகத்தில் வந்தால், ஓட்டத்தின் ஆற்றல் சுமார் 40 ஜூல். நிமிடத்துக்கு 2,000 முறை சுழன்றாலும் சுழற்சியின் பங்கு 2 ஜூலைத் தொடாது. ஆனால் ஸ்டம்ப் விழுந்த பிறகு, ஜூல் கணக்கை அம்பயரிடம் காட்டிப் பயனில்லை!