ரோஜாவுக்கு உகந்த நைவேத்தியம் யாது?

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிவைத்த தொண்ணூற்றொன்பது பூக்களில் ரோஜாவுக்கு இடமில்லை. பிற்காலத்தில் கடல் கடந்து வந்து போர்த்துக்கீசியர் வாய்ச்சொல்லிலேயே நம்மிடம் பெயர் பெற்ற இந்தப் புஷ்பத்தை வடக்கே குலாப் என்கிறார்கள். பாரசீகத்தில் அது பூவிலிருந்து இறக்கும் பன்னீருக்குரிய பெயராம். நீரின் பெயர் பூவின்மேல் ஒட்டிக்கொண்டு, பூவின் சொந்தப் பெயர் பின்தங்கிப்போனது. இப்படிப் பூர்வீக சாஸ்திரம் ஏதுமில்லாமல் வந்த விருந்தாளியாகையால், இதற்கு எதைப் படைக்கவேண்டும் என்று முன்னோர் எவரும் விதி வகுக்கவில்லை. அதனால் வீட்டுக்கு வீடு ஒரு ஸ்மிருதி தோன்றிவிட்டது. இக்கட்டுரை எங்கள் வீட்டு ஸ்மிருதிகளை மட்டும் ஆராய்கிறது.

ஆராய்ச்சிக்களம், கோயம்புத்தூருக்கு மேற்கே வடவள்ளியில் வீட்டைச் சுற்றியுள்ள அறுபது சென்ட் தோட்டம், காலம், பங்குனிக் கடைசியில் தொடங்கிச் சித்திரை பாதி வரை, செடிகள் நாற்பது, மதங்கள் இரண்டு.

முதலாவது தேயிலை மதம். இதன் ஆசாரியர் என் மனைவி. வடிகட்டியில் தங்கும் சக்கையை வேரடியில் இட்டால் பூ செழிக்கும் என்பது இம்மதத்தின் மூலமந்திரம். பாலும் சர்க்கரையும் போக மூன்று தண்ணீர் அலசி, வெயிலில் உலர்த்திய பிறகே இடவேண்டும் என்பது ஒரு கலை. அலசினால் சத்தெல்லாம் போய்விடும், அப்படியே கொட்டு என்பது மற்றொரு கலை. பின்னதைச் சில நாள் அனுசரித்ததில் ரோஜாவைக் காட்டிலும் எறும்புகள் அதிகம் செழித்தன.

இரண்டாவது முட்டையோட்டு மதம். இதை ஸ்தாபித்தவர், முட்டையென்ற சொல்லையே சமையலறையில் உச்சரிக்க அனுமதியாத எங்கள் பெரியம்மா என்பதுதான் விசேஷம். பக்கத்து வீட்டிலிருந்து ஓடுகள் பொழுது சாய்ந்தபின், செய்தித்தாளில் சுற்றப்பட்டு, பின்வாசல் வழியாக வந்துசேரும். துவைக்கும் கல்லுக்குப் பின்னால் வைக்கப்பட்டு, மறுநாள் ஸ்நானத்துக்கு முன்பாகவே பொடிக்கப்படும். எங்கள் மண்ணில் மண்வெட்டி போட்ட இடமெல்லாம் சுண்ணாம்புக் கல் புரள்கிறது. அத்தகைய மண்ணுக்கு மேலும் சுண்ணாம்பைச் சுமந்து போடுவது கொல்லத் தெருவில் ஊசி விற்பதாகாதோ என்று நான் பூர்வபட்சம் எழுப்பினேன். "நீ படித்தது போதும்" என்பதே சித்தாந்தமாக வந்தது.

உண்மையில் இந்த மாதத்தில் ரோஜா கேட்பவை சொற்பம். காலையில் இலை நனையாமல் வேருக்குத் தண்ணீர், அது ஆவியாகிவிடாமல் அடியில் வைக்கோல் மூடாக்கு, வாடிய பூவை ஐந்து சிற்றிலை கொண்ட இலைக்குச் சற்று மேலே கத்தரித்தல், இலையின் அடிப்புறத்தில் செஞ்சிலந்தி நூல் கட்டினால் மட்டும் அங்கே பீய்ச்சித் தண்ணீர் அடித்தல். இவற்றில் வாதத்துக்கு இடமில்லாமையால் இரு மதத்தாரும் இவற்றைப் பொருட்படுத்தவில்லை. சில இலைகளின் ஓரத்தில் காலணாவை வைத்துக் கீறினாற்போல வட்டவட்டமாக வெட்டு விழுந்திருந்தது. அது கூட்டுக்கு இலை நறுக்கும் ஒரு வகைத் தேனீயின் கைவரிசை, அதனால் செடிக்குப் பெரிய கெடுதியில்லை என்று நான் சொன்னபோதும், ஒரு கட்சி மற்றதன் எருவைத்தான் சந்தேகித்தது.

இந்நிலையில் கிணற்றடிச் சிவப்பு ரோஜா ஒன்றைப் பொதுவாக வைத்துக்கொண்டு, காலையில் சக்கையும் மாலையில் ஓடும் இடுவதென்று சமரசம் ஏற்பட்டது. மூன்றே வாரத்தில் அதிலிருந்து ஒரு கிளை தோளுயரம் எழும்பி, பளபளவென்ற தளிரோடு மதில்மேல் சாய்ந்தது. தேயிலையின் மகிமை என்றார் ஒருவர்; ஓட்டின் பிரபாவம் என்றார் மற்றவர். ஒரு மொட்டுக்கூட இல்லையே என்ற என் ஆட்சேபம் இருவராலும் ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது. நானும் இரண்டையும் இணைத்து ஒரு சமன்வய சித்தாந்தம் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் தோட்டக்காரர் வந்தார். கிளையை நிமிர்த்தி ஓர் இலையின் சிற்றிலைகளை எண்ணினார், ஏழு இருந்தன. பிறகு குந்தி உட்கார்ந்து, சக்கையையும் ஓட்டையும் புறங்கையால் ஒதுக்கி, விரலைத் தண்டோடு மண்ணுக்குள் இறக்கினார். ஒட்டுக்கட்டிய முடிச்சுக்கு நான்கு விரற்கடை கீழே போய் விரல் நின்றது.

"இது ரோசா இல்லீங்க. அடிச்செடி துளுத்திருக்குதுங்க. இத்தனை நாளா நீங்க போட்டதையெல்லாம் இதுதான் தின்னிருக்குது."

கத்தரியை நீட்டினேன், வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்று சொல்லி, அடியோடு பற்றிப் பிய்த்தெடுத்தார். மேலே, நிழலில் ஒடுங்கிக் கிடந்த அசல் செடியில் நான்கு இலைகளே மிச்சம் இருந்தன.

ஓட்டைத் தின்றால்தான் இப்படிக் காட்டுத்தனம் வரும் என்று மனைவியும், தேயிலையின் வேகம்தான் இது என்று பெரியம்மாவும் உடனே நிர்ணயம் செய்தார்கள். தோட்டக்காரருக்குத் தேநீர் வந்தது. மனைவி வடிகட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கிணற்றடியைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, சக்கையைக் கறிவேப்பிலைச் செடியின் அடியில் தட்டினார்.

"அதுக்குப் புளித்த மோர்தான் ஆகும்" என்றார் பெரியம்மா, உள்ளிருந்தபடியே.