டீன் துரையின் தண்டல் நோட்டு

வங்கதேசத்து ஜோப்ரா கிராமத்தில் 1976இல் முகமது யூனுஸ் 42 பேருக்குக் கைக்காசு 27 டாலரைக் கடனாகக் கொடுத்தார், குறுங்கடன் பிறந்தது, 2006இல் நோபல் பரிசும் வந்தது என்பது ஊரறிந்த கதை. நோபல் கமிட்டியைக் குறை சொல்வதற்கில்லை. உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் அவர்கள் பரிசு தருவார்கள். செத்து 261 வருடமான ஒரு சிடுமூஞ்சிப் பாதிரியாரை எங்கே போய்த் தேடுவது?

பாதிரியாரின் பெயர் ஜொனாதன் ஸ்விஃப்ட். ‘கலிவரின் பயணங்கள்’ எழுதினாரே, அவரேதான். எதிர்பார்த்தது இங்கிலாந்தில் ஒரு பெரிய பதவி; 1713இல் கிடைத்தது அயர்லாந்தில் டப்ளின் நகரத்துப் புனித பேட்ரிக் பேராலயத்தின் டீன் வேலை. தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றலான தாசில்தார் மாதிரி வந்து இறங்கினார்.

பேராலயத்தைச் சுற்றி லிபர்ட்டீஸ் என்றொரு பேட்டை. எங்கு பார்த்தாலும் நெசவாளர்கள். அயர்லாந்துக் கம்பளித் துணியை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று 1699இலேயே இங்கிலாந்து சட்டம் போட்டாயிற்று. தறி இருந்தது, நெய்யவும் தெரிந்தது, நூல் வாங்கத்தான் காசில்லை.

டீன் தாம் சேர்த்துவைத்த முதல் 500 பவுண்டை எடுத்து வைத்துக்கொண்டு கடன் கொடுக்க உட்கார்ந்தார். ஆளுக்கு 5 பவுண்டு, இல்லையென்றால் 10 பவுண்டு. வட்டி கிடையாது. ஜாமீன் மட்டும் கட்டாயம். குடிக்காமல் ஒழுங்காக வேலை பார்க்கிறவனுக்கு அக்கம்பக்கத்தில் யாராவது ஜாமீன் நிற்பார்கள். யாருமே நிற்கவில்லை என்றால் அந்த ஆளைப் பற்றி மேற்கொண்டு விசாரிக்கவே வேண்டாம். வேவு பார்க்கிற வேலையைத் தெருவே சம்பளமில்லாமல் செய்துவிடும். டீனின் மூளையே மூளை!

தவணை வாரா வாரம் 2 ஷில்லிங் அல்லது 4 ஷில்லிங். பவுண்டுக்கு 20 ஷில்லிங். 5 பவுண்டுக்கு 2, 10 பவுண்டுக்கு 4 என்று கணக்குப் போட்டால் இரண்டுமே 50 வாரத்தில் முடிகின்றன. யூனுஸின் கிராமீன் வங்கி ஆரம்பத்தில் கொடுத்த கடனுக்கும் 50 வாரத் தவணைதான். நம்மூரில் குழு லோன் வாங்கிய அக்காக்கள் இதைப் படித்தால் ஆச்சரியப்பட மாட்டார்கள். பெருமூச்சு விடுவார்கள்.

மனிதர் ஏழைப்பங்காளரா என்றால், அங்கேதான் சிக்கல். பிச்சைக்காரர்கள் எல்லோரும் எந்தப் பங்கு என்று காட்டும் பட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டுதான் பிச்சை எடுக்க வேண்டும் என்று 1737இல் அச்சடித்துப் பரிந்துரைத்தவர் இவர். அதே ஆள் தெருவில் நடந்தால் பிளம்ஸ் பழம் விற்கிற கிழவி, லாட ஆணி விற்கிற கிழவி, நாடா விற்கிற கிழவி என்று ஒவ்வொருத்தியிடமும் நின்று பேசி, சரக்கும் வாங்குவாராம். ஒருத்திக்குக் கண் இல்லை, ஒருத்திக்குக் கை இல்லை. அவர்களுக்கு ஸ்டம்பநிம்ஃபா, கான்சரினா என்றெல்லாம் தேவகன்னிகளுக்கு வைக்கிற தோரணையில் பட்டப்பெயர் வேறு. குசும்பு எது, கருணை எது என்று பிரிக்கவே முடியாது.

கடன் வசூலானதா? ஸ்விஃப்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய இருவர் இரண்டு விதமாகச் சொல்வார்கள். தாமஸ் ஷெரிடனைக் கேட்டால், பிரமாதம், பல குடும்பங்கள் தலையெடுத்தன என்பார். அவர் ஸ்விஃப்டின் ஞானப்பிள்ளை. சாமுவேல் ஜான்சனைக் கேட்டால், தவணை தவறிக்கொண்டே இருந்தது, பொறுமைக்கும் டீனுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது, கடன்காரர்கள்மேல் வழக்குப் போட்டுவிட்டார் என்பார். அவருக்கு ஸ்விஃப்டைக் கண்டாலே ஆகாது. இரண்டும் நடந்திருக்கும் என்பது என் கட்சி. கடன் கொடுக்கிற திங்கட்கிழமையும் வசூலிக்கிற சனிக்கிழமையும் ஒரே முகத்தோடு இருக்கிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

1742இல் கூத்து உச்சத்துக்குப் போனது. டப்ளின் ஃபிஷாம்பிள் தெருவில் ஒரு சங்கீத சபை. கச்சேரி வைத்து, வருகிற பணத்தில் கடனுக்காகச் சிறையில் கிடப்பவர்களை மீட்பது அதன் தொழில். இசையமைப்பாளர் ஹேண்டலின் ‘மெசையா’ அங்கேதான் அரங்கேற இருந்தது. பாட ஆள் வேண்டும். பேராலயப் பாடகர்களைக் கேட்டால், பிடில்காரக் கும்பலோடு என் ஆட்கள் சேரக் கூடாது என்று டீன் தடை போட்டார்! கடன் கொடுத்த கை, கடன்காரனை மீட்கப் பாட்டுக்கூடத் தராதாம். அப்போது அவருக்குப் புத்தி தடுமாற ஆரம்பித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடைசியில் பாடகர்கள் பாடினார்கள். கூட்டம் தாங்காது, பெண்கள் வளையப் பாவாடை இல்லாமல் வாருங்கள், ஆண்கள் வாளை வீட்டிலேயே வைத்துவிடுங்கள் என்று அறிவிப்புக் கொடுத்து, ஏப்ரல் 13 அன்று 700 பேரை உள்ளே திணித்தார்கள். 142 கடன்காரர்கள் வெளியே வந்தார்கள்.

ஸ்விஃப்ட் 1745இல் கண்ணை மூடினார். அவருடைய வட்டியில்லாக் கடனை 1756இல் திரும்ப எடுத்து நடத்தியது யார் தெரியுமா? டப்ளின் சங்கீதச் சங்கம். பிடில்காரர்களேதான்.

அதன்பிறகு அரசாங்கம் மூக்கை நுழைத்தது. வட்டி வாங்கிக்கொள்ளலாம் என்று 1823இல் சட்டம் வந்தது. 1840களின் தொடக்கத்தில் அயர்லாந்து முழுக்க இப்படி ஏறக்குறைய 300 நிதிகள். ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு அதில் கடன். 20 வாரத் தவணை. பவுண்டுக்கு 6 பென்ஸ் வட்டி, அதுவும் கொடுக்கும்போதே பிடித்தம். நோட்டில் 10 பவுண்டு என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கையில் ஒன்பதே முக்கால் பவுண்டை எண்ணி வைத்தார்கள்.