பிரியாவிடை நோட்டு: ஐந்திலக்கணம்

1. தோற்றுவாய்

பிரியாவிடை நோட்டு என்பது பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் மாணவர் தம் வகுப்பில் உள்ள எல்லாரிடமும் எழுதி வாங்கிக்கொள்ளும், அகலம் கூடிய, உயரம் குறைந்த சிறு ஏடு. உலக வழக்கில் இதற்கு ஆட்டோகிராஃப் என்று பெயர். அட்டையில் ரோஜாப்பூ, அந்திச் சூரியன், இரு கிளிகள் ஆகியவற்றுள் ஒன்று இருக்கும். உள்ளே இளஞ்சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் எனத் தாள்கள் மாறி மாறி வரும். அறந்தாங்கி, செய்யாறு, சங்கரன்கோவில், திருத்துறைப்பூண்டி போன்ற தாலுகா ஊர்களில், பொங்கல் கழிந்ததும் ஃபேன்சி ஸ்டோர்களில் இது தொங்கத் தொடங்கும்.

தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978-ல் தொடங்கியது. அதற்கு முன் பதினோராம் வகுப்போடு பள்ளி முடிந்தது. ஆக, பிரியும் வயது ஓராண்டு தள்ளிப்போயிற்று. எழுதும் கை ஓராண்டு முதிர்ந்ததே தவிர, எழுதப்பட்டவற்றில் அதற்கேற்ற முதிர்ச்சி தென்படவில்லை.

எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்து இலக்கணத்தையும் 11-ஆம் நூற்றாண்டில் வீரசோழியம் ஒருங்கே சொன்னது. அந்நூலார் பார்க்க வாய்க்காத இந்த இலக்கிய வகைக்கும் அம்முறையே பொருந்தும்.

2. எழுத்து

நோட்டின் முதல் பக்கம் தலைமையாசிரியருக்கு உரியது. அவர் பச்சை மையில் ஒப்பமிடுவார். சான்றொப்பம் இட்டுப் பழகிய கை ஆதலால், சில நோட்டுகளில் வாழ்த்து இல்லாமல் கையெழுத்தும் தேதியும் மட்டும் இருக்கும். வாழ்த்து உண்மை நகல் என்று கொள்க.

அடுத்த பக்கங்கள் ஆசிரியர்களுடையவை. இயற்பியல் ஆசிரியர் ‘நன்றாகப் படி’ என்று எழுதுவார். பொதுத் தேர்வுக்கு இரண்டு வாரமே இருக்கும் நிலையில் இதை ஓர் அவசர அறிவிப்பாகக் கொள்ள வேண்டும். தமிழாசிரியர் தம் பக்கத்தை எழுதுமுன் மற்றவர் பக்கங்களைப் புரட்டி, ‘வாழ்த்துக்கள்’ என்று இருக்கும் இடங்களில் ‘க்’ என்ற ஒற்றை அடிப்பார்.

மாணவர் எழுதுவது ஜெல் பேனாவிலும் ஸ்கெட்ச் பேனாவிலும். பதினேழு வயதில் கையெழுத்து இன்னும் முடிவாகியிராது. இந்த நோட்டுகளில்தான் அது ஒத்திகை பார்க்கப்படுகிறது. பெயருக்குக் கீழே இரண்டு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி என்பது பெருவழக்கு. அந்தப் புள்ளிகள் பின்னாளில் வங்கியில் கையெழுத்துப் பொருந்தாமல் போகும் காலத்தில் நினைவுக்கு வரும்.

3. சொல்

பெயர்ச்சொற்களில், இந்நோட்டில் ஒவ்வொருவருக்கும் இரண்டு உண்டு. பெற்றோர் இட்டது இடுகுறிப்பெயர். வகுப்பு இட்டது காரணப்பெயர். எழுதுபவர் முன்னதை எழுதி, பின்னதை அடைப்புக்குறிக்குள் இடுவார். இருபது ஆண்டு கழித்துப் புரட்டுகிறவருக்கு அடைப்புக்குறிக்குள் இருப்பது மட்டுமே ஆளை அடையாளம் காட்டும்.

வினைச்சொற்களில் வியங்கோளும் ஏவலுமே ஆட்சி செய்கின்றன. வாழ்க, வளர்க, வெல்க என்பன முதல் வகை. இரண்டாம் வகையில் மிகுதியாக வருவது ‘மறக்காதே’ என்னும் எதிர்மறை ஏவல். இது பற்றி ஒரு நுட்பம் உண்டு. இரண்டு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் இச்சொல்லை எழுதுவது அரிது. ‘கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டை எப்போது தருவாய்?’ என்பதே அவர்கள் எழுதும் பிரிவுரை. ‘என்னை ஒருபோதும் மறக்காதே’ என்று முழுப் பக்கத்துக்கு எழுதுகிறவர், இரண்டு வருடமும் நோட்டின் சொந்தக்காரரோடு பேசாதவராக இருப்பார். நினைவில் இடமே பெறாதவருக்கு மறதி பற்றிய அச்சம் மிகும் என்பது இதன் விதி.

4. பொருள்: அகம்

திணையால் இது பாலை. பாலையின் உரிப்பொருள் பிரிவு. தொல்காப்பியம் பாலைக்கு வேனிலையும் நண்பகலையும் கூறி, பின்பனிக் காலமும் உரியது என்கிறது. பின்பனி என்பது மாசியும் பங்குனியும். செய்முறைத் தேர்வு முடிந்து ஹால் டிக்கெட் கொடுக்கப்படுவதும், நோட்டுகள் கைமாறுவதும் அக்காலத்தில்தான். ஹால் டிக்கெட் வாங்கும் வரிசை உச்சி வெயிலில் நிற்பதால் சிறுபொழுதும் பொருந்திவிடுகிறது. பாலைக்கென்று தனி நிலம் இல்லை என்பர். நோட்டு எழுதவும் தனி இடம் இல்லை: வராந்தா, சைக்கிள் ஸ்டாண்ட், தண்ணீர்த் தொட்டி, கடைசியில் பேருந்து நிறுத்தம்.

பிரிவின் காரணங்களாக ஓதல், பகை, தூது, பொருள் ஆகியவற்றை இலக்கணம் சொல்லும். கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் கல்லூரிக்குப் போவோர் ஓதற்பிரிவினர். ராணுவ ஆள்சேர்ப்பு முகாமுக்கு ஓடிப் பழகுவோர் பகைவயின் பிரிவோர். பின்னாளில் மருந்து நிறுவனப் பிரதிநிதிகளாகி, டாக்டர் அறை வாசலில் பையோடு நிற்போர் தூதிற் பிரிவோர். திருப்பூர், துபாய், சிங்கப்பூர் ஆகியவற்றுக்கு விசாவோ பஸ் டிக்கெட்டோ எடுப்போர் பொருள்வயின் பிரிவோர்.

ஓதற்பிரிவு மூன்று ஆண்டுக்கு மேற்படாது என்பது தொல்காப்பியர் விதி. பி.ஏ., பி.எஸ்ஸி., பி.காம். மாணவர் இதற்கு உடன்படுகின்றனர். நான்கு ஆண்டுப் பொறியியல் படிப்பு இலக்கண வழு. அரியர் வைப்போர் நிலை வழுவமைதிக்கும் அடங்காதது.

பிரிவு விழாவில், தலைக்கு இவ்வளவு என்று வசூலித்த பணத்தில் கேக்கும் மிக்சரும் காகிதத் தட்டில் வரும். மாணவிகள் அம்மாவின் புடவையில் வந்து, சொந்த வகுப்பாசிரியருக்கே தங்களை அறிமுகம் செய்துகொள்ள நேரும். 1963-ல் வந்த ‘இரத்தத் திலகம்’ படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய பிரிவுப் பாட்டை, அதற்கு நாற்பது ஆண்டு கழித்துப் பிறந்தவரும் இவ்விழாவில் பாடுவர்.

5. பொருள்: புறம்

புறப்பொருளாவது வருங்காலம். ‘வருங்கால கலெக்டர்’, ‘வருங்கால டாக்டர்’, ‘வருங்கால முதல்வர்’ என்னும் பட்டங்கள் பெயருக்கு முன் இடப்படும். தமிழ்நாட்டில் மாவட்டங்கள் 38. ஆகவே கலெக்டர் நாற்காலியும் 38. ஓர் ஊரின் ஒரு பள்ளியின் ஒரு பிரிவே அத்தனை நாற்காலிக்கும் ஆள் தந்து, ரயில்வே துறைக்கும் சிலரை மிச்சம் வைக்கும்.

விழா நாடகங்களில் பத்தாண்டுக்குப் பிந்தைய காட்சி தவறாமல் உண்டு. கணக்கில் தோற்றவன் அமைச்சராகி ஹெலிகாப்டரில் வருவான். முதல் மதிப்பெண்காரன் அவனிடம் மனு கொடுப்பான். நாடகத்தை எழுதியவன் எந்த மதிப்பெண் வாங்கினான் என்பது இதிலிருந்து வெளிப்படை.

எதிர்காலம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி எழுதப்படுவதில்லை. மாணவர் நோட்டில் ‘பெரிய ஆள் ஆனதும் மறந்துவிடாதே’ என்றும், மாணவி நோட்டில் ‘கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க மறந்துவிடாதே’ என்றும் வரும். வகுப்பில் அதிக மதிப்பெண் அந்த மாணவியுடையது என்பது இவ்வழக்கை மாற்றுவதில்லை.

இருசக்கர வாகனம் பழுது பார்ப்பவர், மளிகைக் கடைக்காரர், கிராம நிர்வாக அலுவலர், நர்ஸ், சுய உதவிக் குழுத் தவணை வசூலிப்பவர் என்று எந்த நோட்டிலும் யாரும் யாரையும் வாழ்த்தியதில்லை. ஊரை நடத்துவது அவ்வாறு வாழ்த்தப்படாதவர்கள்தான்.

6. யாப்பு

நோட்டில் வரும் செய்யுட்கள் நான்கடிக்கு மிகா. மூன்றாம் அடியில் நட்பும் நான்காம் அடியில் உயிரும் வரும். திருக்குறளில் நட்பு பற்றி 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்கள் இருந்தும், 786, 788 ஆகிய இரண்டு குறள்களே சுற்றில் உள்ளன. ஆராய்ந்து நட்புக் கொள்ளச் சொல்லும் 80-ஆம் அதிகாரம் பிரியும் நேரத்தில் பயன்படாது. பழகியவர் உரிமையோடு செய்வதைப் பொறுக்கச் சொல்லும் 81-ஆம் அதிகாரம், கடன் வாங்கித் திருப்பாதவரால் கையாளத்தக்கது; அவர்கள் இன்னும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஈற்றடியாக முகவரி வரும். தந்தை பெயர், தெரு, ‘வழி’ என்று அஞ்சலக ஊர், 1972-ல் நடைமுறைக்கு வந்த ஆறு இலக்கப் பின்கோடு என்பது அதன் வரிசை. செல்போனுக்கு முந்திய நோட்டுகளில் பி.பி. நம்பர் என்று அடுத்த வீட்டுத் தொலைபேசி எண்ணும் காணப்படும். அடுத்த வீட்டாருக்கு அது தெரிவிக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

7. அணி

வாழ்க்கையை ரயில் பயணமாக்கும் உருவகம் ரயில் பாதையே இல்லாத ஊர்களிலும் செழிக்கிறது. உயர்வு நவிற்சி எங்கும் உண்டு. வஞ்சப்புகழ்ச்சிக்கு, ‘அரையாண்டுத் தேர்வில் நீ காட்டிய உதவியை மறவேன்’ என்பது எடுத்துக்காட்டு. காட்டப்பட்ட விடைகள் எல்லாம் தவறு. தாளை மடித்து ‘பிரிக்காதே’ என்று மேலே எழுதி, பிரித்தவரை உள்ளே கழுதை என்று விளிக்கும் பக்கம் ஒவ்வொரு நோட்டிலும் ஒன்று இருக்கும். இதற்கு அணி நூல்களில் பெயர் இல்லை.

8. பிற்கால வளர்ச்சி

பின்னர் வந்த ஸ்லாம் புக், பிடித்த நடிகர், பிடித்த நிறம், லட்சியம் என்று கேள்விகளை அச்சிட்டே கொடுத்து, கற்பனைச் செலவைக் குறைத்தது. பிளஸ் டூ மதிப்பெண் 1200-லிருந்து 600 ஆயிற்று. வாழ்த்தப்படும் மதிப்பெண்ணும் அவ்வாறே பாதியானது. இப்போது வாட்ஸ்அப் குழுவே நோட்டு. அதில் ‘மறக்காதே’ என்பதற்கு வேலை இல்லை. காலை வணக்கப் படங்கள் மறக்க விடுவதில்லை.

25 ஆண்டு கழித்துக் கூடும் பழைய மாணவர், ஆசிரியரிடம் பிரம்பைக் கொடுத்து அடி வாங்கிப் படம் எடுத்துக்கொள்வதும் அது மறுநாள் நாளிதழில் வருவதும் வழக்கமாகிவிட்டது. பிறகு பள்ளிக்கு மின்விசிறி வழங்கி, இறக்கைகளில் பேட்ச் ஆண்டை எழுதுவர். விசிறி சுழலும்வரை அதைப் படிக்க இயலாது.

9. முடிபு

நோட்டில் முன்னே பார்க்கும் பக்கங்கள் எல்லா நோட்டுகளிலும் ஒன்றே. ஒருவர் நோட்டை இன்னொருவர் எடுத்துப்போனாலும் வருங்காலம் மாறிவிடாது. பின்னே பார்க்கும் வரிகள்தாம் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. டிபன் பாக்ஸை யார் காலி செய்தது, பஸ்ஸைத் தவறவிட்ட அன்று யார் சைக்கிளில் டபுள்ஸ் ஏற்றிச் சென்றது, ரெக்கார்டு நோட்டில் யார் படம் வரைந்து தந்தது என்பவற்றை வேறு எந்த ஆவணமும் பதிவு செய்யவில்லை. ஆகவே பிரியாவிடை நோட்டு எதிர்காலத்துக்குச் சான்றாகாது. கடந்த காலத்துக்கு அதைவிட நம்பகமான சான்றும் இல்லை. நோட்டு கைவசம் உள்ளவர் ஈற்றடியில் இருக்கும் முகவரிக்கு ஒரு கார்டு போட்டுப் பார்க்கலாம். அஞ்சலட்டை விலை 50 காசு.